ஒரு கிளாஸா, இரண்டு கிளாஸா: ஒன்லைன் ஆர்பிஜியில் பில்ட் போடும் ஒழுங்கு

கொக்குவிலில் எங்கள் வீட்டு முன் அறையில் இரண்டு பழைய கொம்பியூட்டர்கள் இருக்கின்றன. சனி, ஞாயிறு பின்னேரங்களில் மருமகனும் அவனுடைய கூட்டாளிகளும் வந்து கில்ட் வார்ஸ் விளையாடுவார்கள். அது ஒரு ஒன்லைன் ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரத்தை எடுத்து வளர்க்கும் விளையாட்டு. பாத்திரத்தின் தொழில் வகைதான் கிளாஸ்: வாரியர், ரேஞ்சர், மொங்க் இப்படி. ஒரு பாத்திரத்துக்கு முதன்மையாக ஒன்று, விரும்பினால் இரண்டாவதாக இன்னொன்று. புதிதாகச் சேர்கிற பெடியன் யாராக இருந்தாலும் முதல் நாளே ஒரே பிழையைத்தான் விடுகிறான். பெயரைப் பார்த்து இரண்டு கிளாஸ்களையும் எடுத்துவிட்டு, பிறகு அவற்றுக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று தேடுகிறான். ஒழுங்கு இதற்கு நேர்மாறு: முதலில் வேலை, அடுத்தது முதன்மைக் கிளாஸ், பிறகு புள்ளிக் கணக்கு, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் இரண்டாவது கிளாஸ். சில வேளை அந்தக் கடைசிப் படிக்குப் போகவே தேவையிராது.

உதாரணங்களைப் பெரும்பாலும் 2005இல் வந்த முதல் கில்ட் வார்ஸிலிருந்தே எடுக்கிறேன். அதற்கு மாதச் சந்தா கிடையாது, பழைய கொம்பியூட்டரிலும் ஓடும், கணக்கு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். மற்ற விளையாட்டுகளில் எங்கே ஒழுங்கு மாறும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தொடங்க முன்

ஒரு கொப்பி, ஒரு பென்சில். சிரிக்க வேண்டாம். கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பில்ட் (கிளாஸ், ஸ்கில், புள்ளி எல்லாம் சேர்ந்த அமைப்பு) போட்டவர்கள் மூன்றாம் நாள் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

கொப்பியின் முதல் பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் "பின்னர் மாற்றலாம்", மறு பக்கம் "மாற்றவே முடியாது". கில்ட் வார்ஸில் முதன்மைக் கிளாஸ் ஒருபோதும் மாறாது. இரண்டாவது கிளாஸைக் கதையில் ஓரளவு தூரம் போனபின் மாற்றலாம். புள்ளிகளையும் ஸ்கில்களையும் நகரத்துக்குள் நிற்கும்போது காசு செலவில்லாமல் மாற்றலாம், வெளியே இறங்கிவிட்டால் முடியாது. உங்கள் விளையாட்டு வேறென்றால் இந்தப் பட்டியலை அதற்கு ஏற்ப நிரப்புங்கள். மாற்ற முடியாத பக்கத்தில் இருப்பவற்றுக்குத்தான் ஆறுதலாக யோசிக்க வேண்டும். மற்றவற்றில் மினக்கெட வேண்டாம்.

1. உங்கள் விளையாட்டில் "இரண்டு கிளாஸ்" என்றால் என்ன என்று பாருங்கள்

இந்தச் சொல் எல்லா இடத்திலும் ஒரே பொருளில் வருவதில்லை. கில்ட் வார்ஸில் இரண்டு கிளாஸும் ஒரே நேரத்தில் முழு லெவலில் வேலை செய்யும், ஆனால் ஒன்றுக்கு மட்டும்தான் முழு உரிமை. ஃபைனல் ஃபேன்டசி 11இல் துணைக் கிளாஸ் பொதுவாக முதன்மையின் பாதி லெவலுக்கு மேல் வேலை செய்யாது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஒன்லைனில் ஒவ்வொரு லெவலையும் ஏதாவதொரு கிளாஸுக்குக் கொடுக்கிறீர்கள், மூன்று கிளாஸ் வரை கலக்கலாம். 1998இல் வந்த பால்டர்ஸ் கேட்டில் "டூயல் கிளாஸ்" என்றால் இன்னும் வேறு கதை: புதிய கிளாஸ் பழையதன் லெவலைத் தாண்டும்வரை பழைய கிளாஸின் திறமைகள் உறங்கிக் கிடக்கும்.

ஒரு விளையாட்டுக்காரர் சொன்ன அறிவுரையை இன்னொரு விளையாட்டில் பொருத்துவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. ஆகவே இந்தப் படியைத் தாண்ட வேண்டாம்.

2. வேலையை ஒரு வசனத்தில் எழுதுங்கள்

"முன்னுக்கு நின்று அடி வாங்குவேன்", "பின்னால் நின்று மற்றவர்களைக் குணமாக்குவேன்", "ஒரே எதிரியைக் கெதியாக விழுத்துவேன்". ஒரு வசனம், ஒரு வினைச்சொல். "எல்லாம் செய்வேன்" என்று எழுதினால் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். கில்ட் வார்ஸில் ஒரு நேரத்தில் எட்டு ஸ்கில்தான் கொண்டுபோகலாம், அதில் ஒன்றே ஒன்றுதான் எலீட் வகையாக இருக்கலாம். எட்டு இடத்தில் மூன்று வேலையை அடைத்தால் ஒவ்வொன்றும் அரைகுறையாகத்தான் வரும்.

3. முதன்மைக் கிளாஸைத் தேர்ந்தெடுங்கள்

பெயருக்காகவோ உடுப்பின் வடிவுக்காகவோ எடுக்க வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. சரி, வடிவையும் பாருங்கள். ஆனால் அதோடு மூன்று விடயங்களையும் பாருங்கள். இவை முதன்மைக் கிளாஸுக்கு மட்டும் கிடைப்பவை, இரண்டாவதாக எடுத்தால் வராது.

முதலாவது கவசம். வாரியரின் கவசம் 80, ரேஞ்சருக்கு 70, மந்திரக்காரர்களுக்கு 60. இரண்டாவது ரூன். கவசத்தில் பதிக்கும் ரூன்கள் முதன்மைக் கிளாஸின் அட்ரிபியூட்டுகளை (ஸ்கில்களின் பலத்தைத் தீர்மானிக்கும் திறன்கள், அவற்றின் அளவுதான் ரேங்க்) மட்டுமே உயர்த்தும். மூன்றாவதுதான் பெரியது: ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு தனி அட்ரிபியூட் உண்டு, அது முதன்மையாக எடுத்தவருக்கு மட்டும் திறக்கும். எலிமென்டலிஸ்டுக்கு எனர்ஜி ஸ்டோரேஜ், மொங்குக்கு டிவைன் ஃபேவர், ரேஞ்சருக்கு எக்ஸ்பெர்டிஸ், இப்படி.

இரண்டு பெயர்களின் வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் கணக்கு இது. நெக்ரோமான்சரின் வெம்பைரிக் டச், கைபடும் தூரத்தில் நின்று எதிரியின் உயிரை உறிஞ்சும் ஸ்கில். அதற்கு 15 ஆற்றல் வேண்டும். ரேஞ்சரின் எக்ஸ்பெர்டிஸ், தொட்டுச் செய்யும் ஸ்கில்களின் செலவை ரேங்க் ஒன்றுக்கு 4 வீதம் குறைக்கும், அந்த ஸ்கில் எந்தக் கிளாஸுடையதாக இருந்தாலும். ரேங்க் 12 என்றால் 48 வீதம் குறையும், 15 ஆற்றல் கிட்டத்தட்ட 8 ஆகிவிடும். ரூனும் தலைக்கவசமும் சேர்த்து ரேங்கை 16க்குக் கொண்டுபோனால் 5தான்.

ரேஞ்சருக்கு ஆற்றல் செக்கனுக்கு 1 வீதம் ஊறும், நெக்ரோமான்சருக்கு மூன்று செக்கனுக்கு 4. ஆகவே ரேஞ்சர் முதன்மை, நெக்ரோமான்சர் இரண்டாவது என்றால் அந்த ஸ்கிலை 8 செக்கனுக்கு ஒருமுறை, ரூன் போட்டால் 5 செக்கனுக்கு ஒருமுறை நிறுத்தாமல் போடலாம். வரிசையைத் திருப்பினால் 15 ஆற்றல் ஊற 11 செக்கனுக்கு மேல் வேண்டும். போதாததற்கு எதிரியின் முகத்துக்கு முன்னால் 60 கவசத்தோடு நிற்க வேண்டும். அதே இரண்டு கிளாஸ், அதே ஸ்கில். நெக்ரோமான்சருக்கும் தன் பக்கத்தில் சலுகைகள் உண்டுதான்: அந்த ஸ்கிலின் அட்ரிபியூட்டான பிளட் மேஜிக்கை ரூனால் உயர்த்தலாம், உயிர்கள் சாகும்போது ஆற்றல் வரும். ஆனால் இந்த வேலைக்கு ரேஞ்சர்தான்.

4. தனிக் கிளாஸில் முதலில் ஓடிப் பாருங்கள்

இரண்டாவதை எடுக்கும் வாய்ப்பு வந்தவுடன் கை துருதுருக்கும். கொஞ்சம் பொறுங்கள். முதன்மைக் கிளாஸின் ஸ்கில்களால் மட்டும் ஒரு பகுதியை முடித்துப் பாருங்கள். எது உண்மையான குறை, எது பழக்கமில்லாததால் வந்த குறை என்பதை இப்படித்தான் பிரித்தறியலாம். "எனக்கு ஆற்றல் போதவில்லை" என்பவர்களில் பலர் கண்ட ஸ்கிலையெல்லாம் ஒரே நேரத்தில் அழுத்துகிறவர்கள். அவர்களுக்கு இரண்டாவது கிளாஸ் கொடுத்தால் அழுத்துவதற்கு இன்னும் நாலு பொத்தான் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஓடி முடித்ததும் கொப்பியில் ஒரு வசனம்: "என் கிளாஸால் இதைச் செய்ய முடியவில்லை: ______." அந்த இடத்தில் எழுத ஒன்றும் வராவிட்டால் உங்களுக்குத் தனிக் கிளாஸ் போதும். அடுத்த கணக்கைப் போட்டு முடித்து விளையாடப் போகலாம்.

5. புள்ளிக் கணக்கைப் போடுங்கள்

கில்ட் வார்ஸில் உச்ச லெவல் 20. அங்கே போய், இடையில் வரும் இரண்டு பணிகளையும் முடித்தவருக்கு மொத்தம் 200 அட்ரிபியூட் புள்ளிகள் இருக்கும். ஒரு அட்ரிபியூட்டைப் புள்ளிகளால் 12 வரை உயர்த்தலாம். விலை மேலே போகப் போக ஏறும்: 7 வரை ஒவ்வொரு ரேங்குக்கும் அதன் எண்ணிக்கை அளவே விலை, அதற்குமேல் 8க்கு 9, 9க்கு 11, 10க்கு 13, 11க்கு 16, 12க்கு 20. கூட்டிப் பார்த்தால் ரேங்க் 8க்கு மொத்தம் 37 புள்ளி, 10க்கு 61, 11க்கு 77, 12க்கு 97.

ஆகவே 200 புள்ளியில் இரண்டு அட்ரிபியூட்டை 12க்குக் கொண்டுபோனால் 194 போய்விடும், மிச்சம் 6, அதில் மூன்றாவதை 3க்கு உயர்த்தலாம். அல்லது 12, 10, 8 என்று பிரித்தால் 195. அல்லது 11, 10, 10 என்றால் 199. நான்கு அட்ரிபியூட்டை நல்ல உயரத்தில் வைக்க வழியே இல்லை. எழுதிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கும், எழுதாதவர்களுக்கு ஒரு மாதமானாலும் விளங்காது.

இங்கேதான் தனிக் கிளாஸின் இலாபம் தெரியும். 12, 10, 8 மூன்றும் முதன்மைக் கிளாஸுடையவை என்றால், உயிரைக் குறைக்காத சின்ன ரூன் ஒவ்வொன்றுக்கும் 1 கூட்டும், தலைக்கவசம் ஒன்றுக்கு இன்னொரு 1 கூட்டும். 14, 11, 9 ஆகிவிடும். நடுவில் இருப்பது இரண்டாவது கிளாஸுடையதென்றால் அது 10லேயே நிற்கும். அந்த ஒரு ரேங்கைப் புள்ளியால் வாங்க 16 வேண்டும். பெரிய ரூன் 3 கூட்டும், ஆனால் உயிரில் 75 வெட்டும். புதியவர்கள் மூன்று பெரிய ரூன் பதித்துவிட்டு "ஒரு அடியில் சாகிறேன்" என்று வருவார்கள்.

இன்னொரு பொதுவான பிழை, 12 என்ற எண்ணில் மயங்குவது. 11இலிருந்து 12க்குப் போகும் அந்த 20 புள்ளியால் இன்னொரு அட்ரிபியூட்டைப் பூச்சியத்திலிருந்து 5க்கு உயர்த்தி, 5 புள்ளி மிச்சமும் பிடிக்கலாம். ஸ்கிலின் விவரணையைத் திறந்து, ரேங்க் ஒன்று கூடினால் எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். சில ஸ்கில்களில் அந்தக் கடைசி ரேங்குக்கு ஒரு மாற்றமும் இருக்காது.

6. ஆற்றல் கணக்கையும் போடுங்கள்

புள்ளிக் கணக்குச் சரியாக வந்தும் தோற்பவர்கள் இந்தப் படியைத் தாண்டியவர்கள்.

பக்கத்து ஒழுங்கைப் பெடியன் ஒருவன் வாரியர் முதன்மை, மொங்க் இரண்டாவது என்று எடுத்தான். அடிக்கவும் வேண்டும், தன்னைத் தானே குணமாக்கவும் வேண்டும். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மென்டிங் என்ற மந்திரத்தைத் தன்மேல் போட்டு அப்படியே வைத்திருந்தான். "அண்ணை, மென்டிங் போட்டும் ஏன் சாகிறன்?"

கொப்பியை எடுத்தோம். வாரியரிடம் 20 ஆற்றல், ஊறும் அம்பு (ஆற்றல் ஊறும் வேகத்தைக் காட்டும் அம்புக்குறி) இரண்டு. ஒரு அம்பு மூன்று செக்கனுக்கு 1 ஆற்றல் தரும், ஆகவே இரண்டும் சேர்ந்து அரை நிமிடத்துக்கு 20. மென்டிங்கை வைத்திருக்கும்வரை அது ஒரு அம்பைத் தின்னும். அரை நிமிடத்துக்கு 20 வந்த இடத்தில் 10. கிடைப்பது என்ன? உயிர் ஊறும் அம்பு ஒன்று செக்கனுக்கு 2 உயிர், மென்டிங் தருவது அப்படிச் சில அம்புகள். இரண்டு எதிரி சேர்ந்து அடித்தால் அது ஒரு மூலைக்கும் காணாது. அதோடு மென்டிங்குக்காக ஹீலிங் பிரேயர்ஸ் அட்ரிபியூட்டில் போட்ட புள்ளிகள் வாளிலிருந்தும் ஸ்ட்ரென்த்திலிருந்தும் எடுத்தவை, ஆகவே எதிரி விழவும் நேரம் கூடுகிறது. நேரம் கூடினால் வாங்கும் அடியும் கூடும்.

கணக்குப் போடும் முறை இதுதான்: ஒரு சண்டை எத்தனை செக்கன் நீடிக்கிறது என்று எண்ணுங்கள், அதற்குள் ஊறும் ஆற்றலை உங்களிடம் இருக்கும் ஆற்றலோடு கூட்டுங்கள், எட்டு ஸ்கிலையும் எத்தனை தரம் போட விரும்புகிறீர்களோ அதன் செலவைக் கழியுங்கள். விடை பூச்சியத்துக்குக் கீழே போனால் ஒரு ஸ்கிலைத் தூக்குங்கள்.

7. இப்போது இரண்டாவது கிளாஸ்

4ஆம் படியில் எழுதிய வசனத்தை எடுங்கள். இரண்டாவது கிளாஸ் அந்த ஒரு குறைக்குப் பதில் சொல்ல வேண்டும், வேறொன்றுக்கும் அல்ல. நான் பார்த்தவரை இது இரண்டு விதமாகத்தான் சரிவருகிறது.

ஒன்று, முதன்மையின் தனி அட்ரிபியூட் இரண்டாவதன் ஸ்கிலைத் தூக்கிவிடுவது. மேலே சொன்ன ரேஞ்சர் கணக்கு அதுதான். இதற்குப் புள்ளிகளை இரண்டு பக்கமும் கொட்ட வேண்டும், ஆனால் திரும்பக் கிடைக்கும்.

மற்றது, புள்ளியே போடாமல் வேலை செய்யும் ஸ்கிலை எடுப்பது. மொங்கின் ரிசரெக்ட் எந்த அட்ரிபியூட்டையும் சாராதது. செத்த கூட்டாளியை எழுப்பும், ரேங்க் பூச்சியமாக இருந்தாலும். போட்டு முடிக்க நேரமெடுக்கும், எழும்புகிறவருக்கும் உயிர் கொஞ்சம்தான் இருக்கும், ஆனால் எழும்புவார். 304 சீட்டு விளையாடுகிறவர்களுக்கு இது நன்றாக விளங்கும். எதிராளி எவ்வளவு பெரிய சீட்டு இறக்கினாலும் ஒரு சின்னத் துரும்பு வெட்டிக்கொண்டு போய்விடும், ஆனால் கை முழுக்கச் சின்னத் துரும்பாக வைத்துக்கொண்டு கேள்வி கேட்க மாட்டீர்கள்.

இரண்டுக்கும் நடுவில், "கொஞ்சம் இதிலும் கொஞ்சம் அதிலும்" என்று 6, 6, 6 ஆகப் பரப்புவதுதான் ஒன்றுக்கும் உதவாதது.

எட்டு இடத்தில் இரண்டாவது கிளாஸுக்கு எத்தனை கொடுக்கலாம்? இரண்டாவது விதத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. முதல் விதத்துக்கு எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம், கணக்கு இடம் கொடுத்தால்.

8. எங்கள் லைனையும் கணக்கில் சேருங்கள்

வெளிநாட்டில் எழுதப்படும் பில்ட்களில் இது இருக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கச் சர்வருக்குப் போய்த் திரும்பக் கால் செக்கன் எளிதில் போய்விடும். எதிரி மந்திரம் போடத் தொடங்குவதைக் கண்டு இடைமறிக்கும் ஸ்கில்களுக்கு அந்தக் கால் செக்கன்தான் உயிர். மெஸ்மரை இரண்டாவதாக எடுத்து இடைமறிக்கலாம் என்று புறப்பட்டவர்கள் எங்கள் அறையில் மூன்று பேர். ஒருவரும் ஒரு கிழமை தாண்டவில்லை. மந்திரத்தைக் கெதியாகப் போட உதவும் ஃபாஸ்ட் காஸ்டிங், மெஸ்மரை முதன்மையாக எடுத்தவருக்கு மட்டும்தான் என்பதால் அந்த உதவியும் இல்லை. நேரம் கொஞ்சம் தவறினாலும் பிழைக்காத ஸ்கில்களை எடுங்கள்: நின்று வேலை செய்பவை, மெதுவாக எரிப்பவை, முன்கூட்டியே போட்டு வைப்பவை.

கரண்ட் நின்றால் ரவுட்டரும் நிற்கும். அதற்கு ஒரு சின்ன யுபிஎஸ், பில்டில் அதற்கு மருந்தில்லை.

9. ஓட்டிப் பார்த்துத் திருத்துங்கள்

கில்ட் வார்ஸில் ஐல் ஒஃப் த நேம்லெஸ் என்ற பயிற்சி இடம் இருக்கிறது. அடி வாங்குவதற்கென்றே அங்கே ஆட்கள் நிற்பார்கள், எவ்வளவு அடித்தீர்கள் என்றும் சொல்வார்கள். முதலில் அங்கே. பிறகு உண்மையான ஒரு பகுதியை மூன்று தரம் ஓடுங்கள், ஒரே பகுதியை. ஒவ்வொரு தரமும் மூன்று குறிப்பு: முதலில் செத்தது யார், ஆற்றல் எப்போது தீர்ந்தது, எந்த ஸ்கிலை அழுத்தவே இல்லை. மூன்று தரமும் அழுத்தாத ஸ்கிலுக்கு இடம் கிடையாது.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

10. வேறு விளையாட்டுகளில் ஒழுங்கு மாறும் இடங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஒன்லைனில் எந்தக் கிளாஸை முதலாம் லெவலில் எடுக்கிறீர்கள் என்பதே பெரிய முடிவு. முதல் லெவலில் ஸ்கில் புள்ளிகள் நாலு மடங்கு. புத்தி 16 உள்ளவர் ரோக்காகத் தொடங்கினால் 44 புள்ளி, விசார்ட்டாகத் தொடங்கினால் 20. பொறிகளை அவிழ்க்கும் விசார்ட் வேண்டுமென்றால் முதல் லெவல் ரோக், பிறகுதான் விசார்ட். மொத்தம் விசார்ட் 18, ரோக் 2 என்று நிறுத்துபவர்கள் அதிகம், ஏனென்றால் ரோக் 2இல் இவேஷன் (அடியிலிருந்து தப்பும் திறமை) வந்துவிடுகிறது, விசார்ட்டின் உச்ச மந்திரங்களும் 17இல் வந்துவிடுகின்றன. விலை என்னவென்றால் 20 லெவலும் ஒரே கிளாஸில் எடுத்தவருக்குக் கிடைக்கும் கடைசிப் பரிசு போய்விடும். அந்தப் பரிசை வாசித்துப் பார்க்காமல் கலக்க வேண்டாம்.

ஃபைனல் ஃபேன்டசி 11இல் பாதி லெவல் விதியால், துணைக் கிளாஸில் உங்களுக்கு வேண்டிய ஸ்கில் எந்த லெவலில் வருகிறதோ அதன் இரு மடங்குக்கு முதன்மை போக வேண்டும். நின்ஜாவின் உட்சுசெமி நி 37இல் வரும், துணையாக வைத்திருப்பவருக்கு அது 74இல்தான் கிடைக்கும். ஆகவே துணைக் கிளாஸை முன்கூட்டியே அளவாக ஏற்றி வையுங்கள். தேவைக்கு மேல் ஏற்றுவது வீண் மினக்கேடு.

ரூன்ஸ் ஒஃப் மேஜிக்கில் 10ஆம் லெவலில் இரண்டாவது கிளாஸ் கிடைக்கும், இரண்டையும் தனித்தனியே ஏற்ற வேண்டும். அந்த இணைக்கென்றே உள்ள எலீட் ஸ்கில்கள் 15இலிருந்து வரும், அதற்கு இரண்டு கிளாஸும் அந்த லெவலைத் தொட்டிருக்க வேண்டும். இங்கே மட்டும் "தனிக் கிளாஸில் நெடுந்தூரம் ஓடிப் பார்" என்ற என் 4ஆம் படி பொருந்தாது. ஒன்றை 40க்கு ஏற்றிவிட்டு மற்றதை 10இலிருந்து இழுப்பது அலுப்பு, ஆகவே சேர்த்தே கொண்டுபோங்கள்.

11. சேமித்து வையுங்கள்

சரிவந்த பில்டை டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். பெயரில் வேலையையும் திகதியையும் போடுங்கள். எங்கள் வீட்டுக் கொம்பியூட்டரில் "புதுசு", "புதுசு 2", "இதுதான் சரி", "இதுதான் சரி உண்மையா" என்று பதினொன்று கிடக்கின்றன. எது எவனுடையது என்று ஒருவருக்கும் தெரியாது.